காத்திருப்பதா, கட்டிவிடுவதா, இணங்குவதா, வழக்காடுவதா: பிடித்த வரியைச் செலுத்தாத நிறுவனத்தின் இயக்குநர் முன் உள்ள வழிகள்

தனியார் நிறுவனம் ஒன்று ஊழியர்களின் சம்பளத்திலிருந்தும் ஒப்பந்தக்காரர்களின் பில் தொகையிலிருந்தும் வருமான வரியைப் பிடித்துக்கொண்டு, அதை அரசின் கணக்கில் செலுத்தாமல் அன்றாடச் செலவுகளுக்குத் திருப்பிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். மூன்று நான்கு ஆண்டுகள் கழிந்த பிறகு அதன் இயக்குநர் ஒருவர் தம் ஆடிட்டரிடம் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் தொகையைப் பற்றியதாக இருப்பதில்லை. இத்தனை வருடம் ஆன பின்னும் என் மேல் வழக்குப் போட முடியுமா என்பதே அந்தக் கேள்வி. அவர் முன் நான்கு வழிகள் இருக்கின்றன. ஒன்றும் செய்யாமல் காலம் கடக்கக் காத்திருக்கலாம். வரியையும் வட்டியையும் கட்டிவிட்டு அத்துடன் நிறுத்திக்கொள்ளலாம். கூடுதல் கட்டணம் செலுத்திக் காம்பவுண்டிங் எனப்படும் இணக்கத் தீர்வைக் கோரலாம். அல்லது நீதிமன்றத்தில் எதிர்த்து நிற்கலாம். இந்நான்கையும் ஒப்பிடுவதே இக்கட்டுரையின் வேலை. 2025-ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வருவது. இங்கே பேசப்படுவன அதற்கு முன், 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் நேர்ந்த தவறுகள்.

காத்திருப்பதை முதலில் எடுத்துக்கொள்வதற்குக் காரணம் உண்டு. பலர் அதைத் தேர்ந்தெடுக்காமலேயே அதில் போய் நின்றுவிடுகிறார்கள். குற்றவியல் நடைமுறைச் சட்டம் 1973-இன் 468-ஆம் பிரிவு, சிறு குற்றங்களை நீதிமன்றம் விசாரணைக்கு எடுத்துக்கொள்ளக் காலவரம்பு வைத்தது: அபராதம் மட்டும் விதிக்கத்தக்க குற்றத்துக்கு 6 மாதம், ஓராண்டு வரை சிறை விதிக்கத்தக்கதற்கு 1 ஆண்டு, மூன்றாண்டு வரை விதிக்கத்தக்கதற்கு 3 ஆண்டு. 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்துக்கு வந்துள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 514-ஆம் பிரிவும் இதையே சொல்கிறது. இந்த மூன்றாண்டுக் கணக்கு காதில் விழுந்தவர்கள், தங்களுக்கும் அது பொருந்தும் என்று எண்ணிக்கொள்கிறார்கள். பொருந்தாது என்பதற்கு இரண்டு காரணங்கள் உள்ளன. பிடித்த வரியைச் செலுத்தாமைக்கு வருமான வரிச் சட்டத்தின் 276பி பிரிவு விதிக்கும் தண்டனை 3 மாதம் முதல் 7 ஆண்டு வரையிலான கடுங்காவல். மூன்றாண்டுக்கு மேல் தண்டிக்கத்தக்க குற்றத்துக்கு 468-இல் வரம்பே கிடையாது. நிறுவனம் தன் சொந்த வரியைச் செலுத்தாமல் வேண்டுமென்றே தப்ப முயல்வதைத் தண்டிக்கும் 276சி(2) பிரிவின் உச்சத் தண்டனை 2 ஆண்டுதான் என்பதால், அது மூன்றாண்டு வரம்புக்குள் வந்திருக்க வேண்டும். ஆனால் அந்தக் கதவையும் பொருளாதாரக் குற்றங்களுக்குக் காலவரம்பு பொருந்தாமைச் சட்டம், 1974 அடைத்துவிட்டது. அதன் அட்டவணையில் வருமான வரிச் சட்டம் இடம்பெற்றுள்ளது. புதிய நடைமுறைச் சட்டம் வந்ததும் கணக்கும் மாறிவிட்டது என்று வாதிடுவோர், ஒரு சட்டம் நீக்கப்பட்டு மறுபடி இயற்றப்பட்டால் பழையதைச் சுட்டும் குறிப்புகள் புதியதையே சுட்டும் என்று பொது விதிகள் சட்டத்தின் 8-ஆம் பிரிவு சொல்வதையும் படித்துவிட்டு வருவது நல்லது.

குழப்பம் இன்னொரு பக்கத்திலிருந்தும் வருகிறது. வருமானத்தை மறுமதிப்பீடு செய்ய 148-ஆம் பிரிவின்படி நோட்டீஸ் அனுப்புவதற்குக் கெடு உண்டு. 2024 செப்டம்பர் முதல் அது மதிப்பீட்டு ஆண்டு முடிந்து மூன்றாண்டு மூன்று மாதம். விடுபட்ட வருமானம் 50 லட்சம் ரூபாயைத் தொட்டால் ஐந்தாண்டு மூன்று மாதம். அந்தக் கெடு வரியைக் கணக்கிடும் அதிகாரத்துக்கானது. கணக்கிட்ட வரியை, அதிலும் பிறர் பணத்தில் பிடித்த வரியை, செலுத்தாததற்காக ஒருவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றும் அதிகாரத்துக்கு அது எல்லை ஆகாது. அமெரிக்காவில் வரிக் குற்றங்களில் பலவற்றுக்கு ஆறாண்டு வரம்பு சட்டத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது. அந்நாட்டுக் கட்டுரைகளை இணையத்தில் படித்துவிட்டு இங்கும் ஆறாண்டு என்று நம்புவோரும் இருக்கிறார்கள்.

தாமதமே ஒரு தற்காப்பு ஆகாதா என்று கேட்கலாம். விரைவான விசாரணை அரசியலமைப்பின் 21-ஆம் பிரிவு தரும் உரிமை என்பதை 1992-இல் அந்துலே வழக்கில் உச்ச நீதிமன்றம் ஏற்றது. ஆனால் இத்தனை ஆண்டு ஆகிவிட்டால் வழக்கு தானாக முடிந்துவிடும் என்று நீதிமன்றங்கள் தாமே கெடு வைக்க முடியாது என்று 2002-இல் இராமச்சந்திர ராவ் வழக்கில் ஏழு நீதிபதிகள் அமர்வு முடிவு செய்தது. ஆகவே தாமதத்தால் தனக்கு நேர்ந்த பாதிப்பை ஒவ்வொருவரும் தம் வழக்கில் காட்டித்தான் ஆக வேண்டும். தமிழ்நாட்டில் எல்லோரும் அறிந்த எடுத்துக்காட்டு சசி எண்டர்பிரைசஸ் வழக்கு. 1990-களின் முற்பகுதியைச் சேர்ந்த வருமான வரிக் கணக்குகளைத் தாக்கல் செய்யாததற்காக ஒரு கூட்டாண்மை நிறுவனத்தின் மீதும் அதன் பங்குதாரர்கள் மீதும் தொடுக்கப்பட்ட அந்த வழக்கு, 2014 ஜனவரியில் உச்ச நீதிமன்றத்தில் அவர்களுக்கு எதிராக முடிந்து, விசாரணையை நான்கு மாதத்துக்குள் முடிக்கும்படி எழும்பூர் நீதிமன்றத்துக்கே திரும்பி, கடைசியில் காம்பவுண்டிங் வழியாகத் தீர்ந்தது. இருபதாண்டுக் காலம் அவர்கள் எவரையும் அந்த வழக்கிலிருந்து விடுவிக்கவில்லை.

காத்திருப்போர் நம்பும் வேறு இரண்டு நிழல்களும் உண்டு. நிறுவனத்தைப் பதிவேட்டிலிருந்தே நீக்கிவிட்டால் எல்லாம் முடிந்துவிடும் என்பது ஒன்று. நீக்கப்பட்ட நிறுவனத்தின் இயக்குநர்களுடைய பொறுப்பு தொடரும் என்று நிறுவனங்கள் சட்டம் 2013-இன் 248(7) வெளிப்படையாகவே கூறுகிறது. மற்றொன்று திவால் நடவடிக்கை. திவால் சட்டத்தின் 32ஏ பிரிவு, தீர்வுத் திட்டம் ஏற்கப்பட்டு நிர்வாகம் கைமாறிய பின் நிறுவனத்தைப் பழைய குற்றங்களிலிருந்து விடுவிக்கிறது. ஆனால் அக்குற்றத்தின்போது பொறுப்பில் இருந்த மனிதர்களை அது விடுவிப்பதில்லை. நிறுவனம் புது முதலாளியிடம் சுத்தமாகப் போய்ச் சேர, பழைய இயக்குநர் தனியாக நிற்கும் நிலைதான் மிஞ்சும்.

வழக்குத் தொடுப்பதற்குக் கெடு இல்லை என்றால், கெடுவே இல்லை என்று பொருளல்ல. இயக்குநர் கவனிக்க வேண்டிய கெடுக்கள் வேறு இடத்தில் இருக்கின்றன. இந்த விஷயத்தில் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இதைத்தான். ஒரு மாதத்தில் பிடித்த வரியை அடுத்த மாதம் 7-ஆம் தேதிக்குள் (மார்ச் மாதத்துக்கு மட்டும் ஏப்ரல் 30-க்குள்) செலுத்த வேண்டும். 2024 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி, அந்தக் காலாண்டில் பிடித்த வரியைப் பற்றிய டிடிஎஸ் அறிக்கையைத் தாக்கல் செய்யும் கடைசி நாளுக்குள், அதாவது ஜூலை 31, அக்டோபர் 31, ஜனவரி 31, மே 31 ஆகிய நாட்களுக்குள், செலுத்திவிட்டால் 276பி பிரிவே பொருந்தாது. இதற்கு இணையாக, 2019 செப்டம்பர் 9-ஆம் தேதியிட்ட நேரடி வரிகள் வாரியச் சுற்றறிக்கை ஒன்றும் இருக்கிறது: செலுத்தாத தொகை 25 லட்சம் ரூபாய் அல்லது அதற்குக் குறைவாகவும், தாமதம் 60 நாளுக்குக் குறைவாகவும் இருந்தால் வழக்கமான சூழலில் வழக்குத் தொடுக்க வேண்டியதில்லை என்று அது அதிகாரிகளுக்கு அறிவுறுத்துகிறது.

இவ்விரண்டும் ஒன்றையொன்று முழுமையாகத் தழுவுவதில்லை என்பதைத் தேதி போட்டுப் பார்த்தால்தான் புரியும். ஏப்ரல் மாத வரிக்கு மே 7 கடைசி நாள். சட்டத் திருத்தம் தரும் பாதுகாப்பு ஜூலை 31 வரை நீள்கிறது, சுற்றறிக்கையின் 60 நாளோ ஜூலை 6-இலேயே தீர்ந்துவிடுகிறது. ஜூன் மாத வரிக்கு நிலைமை தலைகீழ். ஜூலை 7-க்குக் கட்ட வேண்டியதற்குச் சட்டம் தரும் கூடுதல் அவகாசம் 24 நாள் மட்டுமே. அதன் பிறகு செப்டம்பர் 5 வரை சுற்றறிக்கையின் நிழல் இருந்தாலும், அது தொகையின் அளவைப் பொறுத்தது. அடிக்கடி தவறுகிறவர் என்று கருதப்பட்டால் உயரதிகாரிகள் குழுவின் ஒப்புதலுடன் விலக்கிக்கொள்ளவும் படலாம். முன்னது சட்டம் தரும் உரிமை, பின்னது துறை தனக்குத்தானே விதித்துக்கொண்ட கட்டுப்பாடு. கையில் பணம் குறைவாக இருக்கும் நிறுவனம் எந்த மாதத்து வரியை முதலில் கட்டுவது என்று முடிவெடுக்கும்போது, காலாண்டின் கடைசி மாதத்துக்குத்தான் அவகாசம் மிகக் குறைவு என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

அந்த நாட்களைக் கடந்துவிட்டவருக்கு இரண்டாவது வழி, கட்டிவிட்டு அமைதியாக இருப்பது. 201(1ஏ) பிரிவின்படி, பிடித்த நாளிலிருந்து செலுத்திய நாள் வரை மாதத்துக்கோ அதன் பகுதிக்கோ 1.5 சதவீத வட்டி உண்டு. 10 லட்சம் ரூபாய் 40 மாதம் நின்றிருந்தால் வட்டி மட்டும் 6 லட்சம். இதைக் கட்டியதும் விஷயம் தீர்ந்தது என்று கணக்கர்கள் ஆறுதல் சொல்வதுண்டு. சட்டம் அப்படிச் சொல்லவில்லை. மதுமிலன் சின்டெக்ஸ் வழக்கில் 2007-இல் உச்ச நீதிமன்றம், பிடித்த வரியைத் தாமதமாகச் செலுத்தியது உண்மைதான் என்றாலும் உரிய நாளில் செலுத்தாதபோதே குற்றம் நிறைவேறிவிட்டது என்ற நிலையை எடுத்தது. எனவே கட்டுவது வழக்கைத் தடுக்கும் சுவர் ஆகாது. ஆனால் அதற்கு வேறு பயன்கள் இருக்கின்றன. வழக்குத் தொடுக்க ஆணையர் நிலையிலுள்ள அதிகாரியின் அனுமதி 279(1) பிரிவின்படி கட்டாயம். அந்த அனுமதிக்கு முன் வரும் விளக்கம் கோரும் நோட்டீஸுக்குப் பதில் எழுதும்போது, துறை சுட்டுவதற்கு முன்பே தானாகக் கட்டியிருக்கிறோம் என்று காட்ட முடிவதும், சலானைக் கையில் வைத்துக்கொண்டு இனிமேல்தான் கட்டப் போகிறோம் என்று கெஞ்சுவதும் ஒன்றல்ல. தவிர, தக்க காரணம் இருந்தது என்று நிரூபிப்பவரைத் தண்டிக்கலாகாது என்னும் 278ஏஏ பிரிவைப் பின்னால் துணைக்கு அழைக்க நினைப்பவர், பாக்கியோடு நின்றுகொண்டு அழைக்க முடியாது.

அந்தத் தக்க காரணம் எதுவாக இருக்கலாம் என்பதில் பலர் ஏமாந்துபோகிறார்கள். பணமுடை என்பது நிறுவனத்தின் சொந்த வரி விஷயத்தில் ஓரளவு எடுபடும். 276சி(2) 'வேண்டுமென்றே' என்ற சொல்லைக் கொண்டிருக்கிறது, வெறும் தாமதம் தப்ப முயன்றதாகாது என்று பல உயர் நீதிமன்றங்கள் வழக்குகளை ரத்து செய்துள்ளன. அங்கும் குற்ற மனநிலை இருந்ததாகவே முதலில் ஊகித்துக்கொள்ளச் சொல்லும் 278இ பிரிவைத் தாண்டியாக வேண்டும். பிடித்த வரியிலோ அந்தச் சொல்லே கிடையாது. ஊழியரின் சம்பளத்தில் கழித்த பணம் நிறுவனத்தின் பணமே அல்ல. இன்னொருவருக்காகக் கையில் வைத்திருந்ததைச் செலவழித்துவிட்டுக் கையில் பணமில்லை என்பது நீதிமன்றத்தில் நன்றாக ஒலிப்பதில்லை. வெள்ளத்தில் அலுவலகம் மூழ்கியது, வங்கிக் கணக்கை வேறு ஓர் ஆணையம் முடக்கியது போன்ற, தேதியோடு ஒட்டிய, ஆவணத்தோடு காட்டக்கூடிய காரணங்களுக்கே எடை உண்டு.

மூன்றாவது வழியான காம்பவுண்டிங், 279(2) பிரிவின் கீழ் வழக்குத் தொடுப்பதற்கு முன்னும் பின்னும் கோரத்தக்கது. சில ஆண்டுகள் முன்புவரை இதற்கும் ஒரு கெடு இருந்தது. புகார் தாக்கலான மாதத்தின் முடிவிலிருந்து பன்னிரண்டு மாதம் என்று தொடங்கிப் பிறகு சற்று நீட்டப்பட்டது. அந்தக் கெடுவைத் தவறவிட்டவர்கள் உயர் நீதிமன்றப் படிகளில் ஏறி இறங்கியது ஒரு தனிக் கதை. 2024 அக்டோபர் 17-ஆம் தேதியிட்ட திருத்திய வழிகாட்டு நெறிகள் அந்தக் காலவரம்பையும், எத்தனை முறை கோரலாம் என்ற வரம்பையும் எடுத்துவிட்டன. குற்றங்களை வகை பிரித்து வைத்திருந்த முறையும் போயிற்று. டிடிஎஸ் தவறுகளுக்கு முன்பு மாதத்துக்கு 2, 3, 5 சதவீதம் என்று படிப்படியாக ஏறிய கட்டணம் இப்போது ஒரே சீராக 1.5 சதவீதம். விண்ணப்பக் கட்டணம் ஒன்றுக்கு 25,000 ரூபாய், பல ஆண்டுத் தவறுகளைச் சேர்த்து ஒரே விண்ணப்பமாகக் கொடுத்தால் 50,000 ரூபாய்; திரும்பக் கிடைக்காது, ஆனால் விதிக்கப்படும் கட்டணத்தில் கழித்துக்கொள்ளப்படும்.

மேலே சொன்ன 10 லட்சம் ரூபாயையே இங்கும் எடுத்துக்கொண்டால், தோராயக் கணக்கில் வரி 10 லட்சம், வட்டி 6 லட்சம், காம்பவுண்டிங் கட்டணம் இன்னொரு 6 லட்சம் என்று 22 லட்சம் ரூபாய் ஆகும். சுமை பெரிதுதான். எதிர்த் தட்டில் வைக்க வேண்டியவற்றையும் பார்க்க வேண்டும். தண்டனை பெற்றால் குறைந்தபட்சம் மூன்று மாதச் சிறை என்பதை நீதிமன்றம் குறைக்க இடமில்லை. நன்னடத்தைச் சட்டத்தின் கீழ் விடுவிப்பதையும் 292ஏ பிரிவு பதினெட்டு வயதுக்கு உட்பட்டவருக்கு மட்டுமே என்று ஒதுக்கிவிட்டது. ஆறு மாதமோ அதற்கு மேலோ சிறை விதிக்கப்பட்டால், நிறுவனங்கள் சட்டத்தின் 164-ஆம் பிரிவின்படி, தண்டனை முடிந்து ஐந்தாண்டு வரை எந்த நிறுவனத்திலும் இயக்குநராக முடியாது. அடுத்த முறை தவறினால் 278ஏ பிரிவின்படி குறைந்தபட்சத் தண்டனையே ஆறு மாதமாகிறது. வேறு நிறுவனங்களிலும் இயக்குநராக இருப்பவருக்கு இந்தக் கணக்கில் 6 லட்சம் மலிவாகவே தோன்றும்.

காம்பவுண்டிங் உரிமையாகக் கிடைப்பதல்ல, அதிகாரியின் விருப்புரிமைக்கு உட்பட்டது. சம்பந்தப்பட்ட வரி, வட்டி, அபராதம் அனைத்தும் செலுத்தப்பட்டிருக்க வேண்டும். அந்தத் தவறு தொடர்பான மேல்முறையீடுகளைத் திரும்பப் பெறவும் உறுதி கொடுக்க வேண்டியிருக்கும். வரித் தொகையைப் பற்றியே உண்மையான தகராறு இருப்பவர் இந்த நிபந்தனையை இரண்டு முறை யோசிக்க வேண்டும். சென்னையைச் சேர்ந்த கே.சி. பில்டர்ஸ் நிறுவனத்தின் வழக்கில், வருமானத்தை மறைத்ததற்காக விதித்த அபராதத்தைத் தீர்ப்பாயம் நீக்கியதும், அதே அடிப்படையில் நின்ற குற்ற வழக்கும் நிற்காது என்று 2004-இல் உச்ச நீதிமன்றம் கூறியது. மேல்முறையீட்டில் வெல்லும் வாய்ப்புள்ளவர் அதைக் கைவிட்டுக் காம்பவுண்டிங்குக்கு ஓடினால், இலவசமாகக் கிடைக்கக்கூடியதை விலை கொடுத்து வாங்குகிறார். பிடித்த வரி விஷயத்தில் இத்தகைய தகராறு அரிது; பிடித்தது நிறுவனத்தின் புத்தகத்திலேயே எழுதியிருக்கிறது.

எதிர்த்து வழக்காடும் நான்காவது வழி யாருக்கு என்பது 278பி பிரிவின் வாசகத்தில் இருக்கிறது. குற்றம் நடந்த காலத்தில் நிறுவனத்தின் தொழிலை நடத்தும் பொறுப்பில் இருந்து, அதற்காக நிறுவனத்துக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டிருந்தவரே குற்றவாளியாகக் கருதப்படுவார். தமக்குத் தெரியாமல் நடந்தது என்றோ, தடுக்க உரிய அக்கறை எடுத்துக்கொண்டேன் என்றோ நிரூபித்தால் தப்பலாம். வேறொரு இயக்குநர் அல்லது அதிகாரியின் சம்மதம், உடந்தை அல்லது அசட்டை இருந்தது நிரூபணமானால் அவரும் சிக்குவார். காசோலை வழக்குகளில் இதே போன்ற வாசகத்தை ஆராய்ந்த எஸ்.எம்.எஸ். பார்மசூட்டிகல்ஸ் தீர்ப்பு (2005), இயக்குநர் என்ற பெயர் மட்டும் போதாது, நிர்வாக இயக்குநரோ பதவியாலேயே பொறுப்பாளர் என்று பிரித்துக் காட்டியது. வரி வழக்குகளில் மதுமிலன் தீர்ப்பு துறைக்குச் சற்று அதிக இடம் கொடுத்திருப்பதால், புகாரில் பொறுப்பாளர் என்று குறிப்பிட்டுவிட்டாலே பல சமயம் விசாரணையைச் சந்தித்தே தீர வேண்டும்.

ஆகையால் இந்த வழி பெயரளவு இயக்குநருக்கும், தவறு நிகழும் முன்பே விலகியவருக்கும்தான் பொருள் தருவது. குடும்ப நிறுவனத்தில் கையெழுத்துக்காக மட்டும் சேர்க்கப்பட்ட மனைவியோ வயதான தந்தையோ, வங்கியில் கையெழுத்து அதிகாரம் தம்மிடம் இல்லை என்பதையும், கூட்டக் குறிப்புகளில் நிதிப் பொறுப்பு வேறொருவரிடம் இருந்ததையும் காட்ட வேண்டும். விலகியவருக்கு விலகல் கடிதம் போதாது. இயக்குநர் மாற்றத்தை நிறுவனம் தெரிவிக்கும் டிஐஆர்-12 படிவம் நிறுவனப் பதிவாளரிடம் எந்த நாளில் ஏறியது என்பதுதான் அதிகாரி பார்க்கும் தேதி. நிறுவனம் அதைத் தாக்கல் செய்யாமல் இழுத்தடித்தால் விலகியவரே டிஐஆர்-11 மூலம் தெரிவித்துக்கொள்ள முடியும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. இங்கே காலம் இயக்குநருக்கு எதிராகவே வேலை செய்கிறது: கெடு இல்லாத வழக்கு பத்தாண்டு கழித்து வந்தாலும் வரும், அதற்குள் கூட்டக் குறிப்புப் புத்தகம் தொலைந்திருக்கும், கணக்கர் வேலை மாறியிருப்பார், வங்கி பழைய ஆவணத்தைத் தேட மறுக்கும். இவ்வழக்குகள் 279ஏ பிரிவின்படி போலீஸ் தானாகக் கைது செய்யக்கூடியவை அல்ல என்பதும், 2024 ஜூலைக்குப் பின் வரும் புகார்களில் விசாரணைக்கு ஏற்கும் முன்பே எதிர்த்தரப்பைக் கேட்க வேண்டும் என்பதும் எதிர்த்து நிற்பவருக்குச் சிறிய அனுகூலங்கள்.

என் கணிப்பில், காசோலையில் கையெழுத்திட்டவர், சம்பளப் பட்டியலை ஒப்புக்கொடுத்தவர், வரியைக் கட்டாமல் வேறு செலவைக் கட்டச் சொன்னவர் ஆகியோர் காத்திருப்பதிலும் வழக்காடுவதிலும் பணத்தையும் ஆண்டுகளையும் இழப்பதைத் தவிர வேறு பயன் காண மாட்டார்கள். கட்டுவதை உடனே செய்துவிட்டு, அனுமதிக்கு முன் விளக்கம் கோரும் நோட்டீஸ் வந்த அன்றே காம்பவுண்டிங் விண்ணப்பத்தைத் தயார் செய்வது அவர்களுக்கு உகந்தது. தொகை சிறியது, தாமதமும் ஒரே ஒரு காலாண்டில் மட்டுமே என்றால் கட்டியதோடு நிற்பதும் நியாயமான துணிச்சலே. பெயரளவு இயக்குநர் மட்டும் எதிர்த்து நிற்க வேண்டும், அதுவும் ஆவணம் கையில் இருந்தால்.

இதில் நிறுவனத்தின் நலனும் இயக்குநரின் நலனும் ஒன்றல்ல. கட்டாயச் சிறை விதிக்கும் குற்றத்துக்கு நிறுவனத்தின் மீதே வழக்குப் போட முடியாது என்று 2003-இல் தமிழ்நாட்டிலிருந்து சென்ற வெள்ளியப்பா டெக்ஸ்டைல்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2005-இல் ஸ்டாண்டர்டு சார்ட்டர்டு வங்கி வழக்கில் அரசியலமைப்பு அமர்வு அதை மாற்றி, நிறுவனத்துக்கு அபராதம் மட்டும் விதித்துக்கொள்ளலாம் என்றது. அபராதத்தோடு போகும் தரப்பும் சிறைக்குப் போகக்கூடிய தரப்பும் ஒரே வழக்கறிஞரிடம் ஒரே பதிலை எழுதி வாங்குவது வழக்கமாக இருக்கிறது. 2024 நெறிகளின்படி முதன்மைக் குற்றம் சாட்டப்பட்டவர் வந்துதான் காம்பவுண்டிங் கோர வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. கட்டணத்தைச் செலுத்தி, உடன் குற்றம் சாட்டப்பட்டவர்களில் ஒருவரே விண்ணப்பிக்கலாம். நிர்வாக இயக்குநர் நகர மறுக்கும் நிறுவனத்தில் மற்றொரு இயக்குநர் முதலில் எழுத வேண்டிய கடிதம், பாக்கி எவ்வளவு, எந்த மாதங்களுக்கு, யாருடைய கையெழுத்தில் என்ற மூன்று விவரத்தையும் எழுத்தில் கேட்டு நிறுவனத்துக்கே அனுப்பும் கடிதம்தான். பதில் வந்தால் அது விண்ணப்பத்தோடு இணைக்க உதவும். வராவிட்டால், தம் பங்குக்கு அக்கறை எடுத்துக்கொண்டதற்கு அதுவே சாட்சியாக நிற்கும்.